பெரட்டுக் களத்திலிருந்து சம்மதப் படிவம் வரை: ஊவாத் தோட்டங்களில் கள ஆய்வு அறத்தின் வரலாறு

முன்னுரை

ஊவா மாகாணத்தின் பண்டாரவளை நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஆய்வாளர்கள் வந்துபோவது இன்று வழமையாகிவிட்டது. பல்கலைக்கழக மாணவர், சுகாதாரக் குழு, தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர், வெளிநாட்டு மானிடவியலாளர் என்று வருவோர் பலவகை. ஐஸ்லபியோ நாயபெத்தவோ பூணாகலையோ, எந்தத் தோட்டமானாலும் அவர்கள் போகும் வழி ஒன்றுதான். முதலில் துரை எனப்படும் தோட்ட முகாமையாளரின் அலுவலகம், அடுத்து வெளிக்கள உத்தியோகத்தர் அல்லது தோட்டத் தலைவர், கடைசியில் லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் இஸ்தோப்பு (முன்திண்ணை). பதில் சொல்ல வேண்டியவரின் முன்னால் வினாக்கொத்து விரிக்கப்படும் நேரத்தில், ஆய்வு நடக்கலாமா என்பது வேறு யாராலோ தீர்மானிக்கப்பட்டு முடிந்திருக்கும்.

ஆய்வு அறம் பற்றிய பாடநூல்கள் இந்த வரலாற்றை 1947 ஆம் ஆண்டின் நியூரம்பேர்க் நெறிமுறையில் தொடங்கும். நாசி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு வந்த அந்த ஆவணத்தின் முதல் விதியே பங்கேற்பவரின் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பதுதான். பிறகு 1964 இல் ஹெல்சிங்கிப் பிரகடனம், 1979 இல் அமெரிக்காவின் பெல்மொன்ட் அறிக்கை என்று கதை நீளும். மலையகத் தோட்டங்களிலோ மக்களை எண்ணியதும் அளந்ததும் பரிசோதித்ததும் இவற்றுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன. அக்காலத்தில் உருவான ஒரு பழக்கத்தின் தடம் இன்றுவரை தொடர்கிறது. மேலிருப்பவரின் அனுமதியை மக்களின் சம்மதமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அது. காலந்தோறும் அனுமதி தருபவர் மாறினார், ஏற்பாடு மாறவில்லை. இக்கட்டுரை அந்தத் தொடர்ச்சியை ஊவாவை மையமாக வைத்து ஆராய்கிறது. பிற மாவட்டத் தோட்டங்களின் சான்றுகள் தேவையான இடங்களில் சேர்க்கப்படுகின்றன.

1. செக்ரோலில் ஏறிய பெயர்

ரயில் பாதை 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு 1924 இல்தான் சென்றது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய அந்தக் காலத்தில் ஊவாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் எனப்பட்ட ஆள்திரட்டும் மேற்பார்வையாளர்களால் திரட்டப்பட்டவர்கள். வழியிலேயே அவர்களைப் பற்றிய தகவல் திரட்டல் தொடங்கிவிடும். பிற்காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு மருத்துவப் பரிசோதனைக்கு உள்ளானார்கள், அம்மை குத்தப்பட்டார்கள், பதிவு செய்யப்பட்டார்கள். தோட்டத்தை அடைந்ததும் செக்ரோல் எனப்பட்ட தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இலங்கையின் நவீனக் குடிசன மதிப்பீடு 1871 இல் தொடங்கியபோது தோட்டங்கள் தனிப் பிரிவாக எடுக்கப்பட்டன. அங்கே விவரங்களைத் தந்தவர்கள் பெரும்பாலும் துரைமார்தான். தொழிலாளியின் வயது, பிறந்த ஊர், சாதி, குடும்பம் என எல்லாமே தோட்டக் கணக்கிலிருந்து அரசாங்கக் கணக்குக்கு மாறின. தன்னைப் பற்றிய தகவலின் உரிமையாளர் தான் என்ற எண்ணத்துக்கே அந்த ஏற்பாட்டில் இடமில்லை. குடிசன மதிப்பீட்டை ஆய்வு என்று சொல்வது சரியாகாது. ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அனைவரும் நடந்த பாதையை வகுத்தது அதுதான்: தோட்ட மக்களைப் பற்றி அறிய வேண்டுமானால் தோட்ட அலுவலகத்தைக் கேட்டால் போதும்.

2. கொக்கிப்புழு ஒழிப்பு

இந்தப் பாதையில் வந்த முதல் பெரிய மருத்துவ முயற்சி ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புத் திட்டம். அந்நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு, காலனிய அரசோடும் தோட்ட முதலாளிமாரோடும் சேர்ந்து 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் பணியைத் தொடங்கி, பிறகு பிற பகுதிகளுக்கும் விரித்தது. சோம ஹேவா 1995 இல் வெளியிட்ட நூல் இத்திட்டத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது.

பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் குடலில் கொக்கிப்புழு இருந்தது. இரத்தம் குறைந்து, உடல் வெளிறி, மலை ஏற மூச்சு வாங்கியவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது உண்மை. தரப்பட்ட மருந்துகளோ தைமோலும் செனோபோடியம் எண்ணெயும். வெறும் வயிற்றில் அவற்றை உட்கொள்ள வேண்டும், பின்னால் பேதிக்கு உப்பும் குடிக்க வேண்டும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். அளவு மிஞ்சினால் நஞ்சாகும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ஓர் அமைப்பில், “இன்றைக்கு மருந்து” என்று சொல்லப்பட்டால் அதை மறுப்பது வேலையை மறுப்பதற்குச் சமம். மருந்து நல்லதா கெட்டதா என்பது அடுத்த கேள்வி. மறுக்க வழியே இல்லாத இடத்தில் குடித்த மருந்தை யாரும் சம்மதித்துக் குடித்ததாகச் சொல்ல முடியாது.

இத்திட்டம் சொல்லும் இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. புழு மண்ணிலிருந்து காலின் வழியே ஏறுவது. கழிப்பறை இல்லாத லயத்தில் மருந்து குடித்தவருக்கு மறுபடியும் தொற்றும் என்பதைத் திட்டத்தை நடத்தியவர்களே அறிந்து, கழிப்பறை கட்டும்படி வற்புறுத்தினார்கள். செலவைப் பார்த்துத் தோட்டக்காரர் பலர் தயங்கினார்கள். உடலைப் பரிசோதிக்க உடனே கிடைத்த அனுமதி, அந்தப் பரிசோதனை சுட்டிக்காட்டிய குறையைத் தீர்க்கக் கிடைக்கவில்லை. கண்டறிந்ததை யாருக்காகக் கண்டறிந்தோம் என்ற கேள்வி ஊவாவின் ஆய்வு வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும். அது முதலில் எழுந்த இடங்களில் ஒன்று இது.

3. துணி மூட்டையோடு வந்தவர்

அலுவலகத்தைக் கடக்காமல் மக்களிடம் போக முயன்றவர்களும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழையத் தடை இருந்த காலத்தில் துணி வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்று நூல்கள் பெருமையோடு பதிவு செய்யும் செய்தி. அவர் கண்டது பிறகு பத்திரிகை எழுத்தாகவும் தொழிற்சங்க இயக்கமாகவும் மாறியது.

ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் இன்றைய அறநெறிக் குழுவின் முன்னால் இந்த வேடம் நின்றால் என்ன ஆகும்? இன்றைய விதிமுறைகளின்படி மறைந்திருந்து தகவல் திரட்டுவது பொதுவாக விலக்கப்பட்டது. ஆனாலும் அதே விதிமுறைகள், மிகுந்த பொதுநலன் இருந்து வேறு வழியே இல்லையென்றால் விதிவிலக்குக்கும் இடம் விடுகின்றன. நடேசய்யர் ஏமாற்றியது தோட்ட நிர்வாகத்தை. தெரிந்துகொண்டதைத் திருப்பித் தந்தது தொழிலாளருக்கு. படிவத்தை நேர்மையாக நிரப்பி, துரையின் அனுமதியோடு உள்ளே போய், துரைக்குப் பயன்படும் அறிக்கையை எழுதுகிற ஆய்வையும் இதையும் அருகருகே வைத்தால், விதியைக் கடைப்பிடிப்பதும் அறத்தோடு நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது விளங்கும்.

வேடமே தேவைப்படாதவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளரின் நாட்டார் பாடல்களை நெடுங்காலம் தேடித் திரட்டினார். அவருக்குப் பாடிக்காட்டியவர்கள் அவரைத் தொழிற்சங்கவாதியாக, பிரதிநிதியாக, தம்மில் ஒருவராக அறிந்தவர்கள். வந்தவர் யார், எதற்கு வந்தார், எங்கே போனால் பிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். சம்மதம் என்பதன் உயிர் அந்த மூன்று விடயங்களில்தான் இருக்கிறது.

4. கையெழுத்தின் மீதான அச்சம்

நவீன ஆய்வு அறம் கையெழுத்தைச் சுதந்திரத்தின் சான்றாகக் கருதுகிறது. தோட்ட மக்களின் அனுபவத்தில் கையெழுத்தும் கைநாட்டும் அப்படிப்பட்டவை அல்ல.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும். எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாய், மனைவி பிள்ளைகள் எங்கே, வருமானம் என்ன என்பவையே அந்த விசாரணையின் கேள்விகள். ஒரு பதில் பிசகினால் மனு தள்ளுபடி. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எந்தத் தாளில் கைநாட்டு வைத்தோம் என்பதைப் பொறுத்து ஒரே லயத்துக் குடும்பங்கள் கடலின் இரு கரைகளுக்குப் பிரிந்தன. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை முற்றாக முடிய 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கணக்கெடுப்பாளர் கேட்கும் குடும்ப விவரக் கேள்விகள், அன்று விசாரணை அதிகாரி கேட்டவற்றோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகக்கூடும். பாட்டி ஒருத்தி பதில் சொல்லத் தயங்கினால், அவளுடைய அறியாமையை அதற்குக் காரணமாக்க முடியாது. அவளுக்கு நினைவு நன்றாகவே இருக்கிறது.

வன்முறைக் காலம் இந்த அச்சத்தைக் கூட்டியது. மானிடவியலாளர் வலன்டைன் டானியல், தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டும் நோக்கத்தோடு 1983 இல் இலங்கைக்கு வந்தார். அவ்வாண்டின் இனக்கலவரத்துக்குப் பின்னான நாட்களில் மக்கள் அவரிடம் சொன்னது வேறு. 1996 இல் வெளியான அவருடைய நூல் வன்முறையைப் பற்றியதாக அமைந்தது. ஆய்வின் பொருளையே பங்கேற்பாளர்கள் மாற்றியமைத்த அரிய சந்தர்ப்பம் அது. தான் கொண்டுவந்த கேள்வியை விட்டுவிட்டுக் கேட்கத் தயாராக இருப்பதும் ஆய்வாளனின் அறத்தில் ஒரு பகுதி என்பதற்கு அந்நூல் நல்ல சான்று.

பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று 27 தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சாட்சி சொன்னாலும் எதுவும் மாறாது, சொன்னவர் மட்டும் வெளிப்பட்டுவிடுவார் என்ற எண்ணம் ஒரு வட்டாரத்தில் வேர்விட இதற்கு மேல் என்ன வேண்டும்? இங்கே ஒரு நேர்காணலின் ஆபத்தை மதிப்பிடுகிறவர் வினாக்கொத்தை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது.

5. கொழுந்தின் நிறையில் அளந்த இரும்புச்சத்து

1970களில் தோட்டப் பெண்கள் உலக மருத்துவ இதழ்களில் இடம்பெற்றார்கள். 1979 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எட்ஜர்ட்டன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை கொண்ட இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தது. ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்து மருந்து தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. ஒரு மாதத்துக்குப் பின் இரும்புச்சத்து பெற்றவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை தாழ்ந்திருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது. இரத்தசோகை உழைப்பை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு இக்கட்டுரை உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் சான்றாயிற்று.

ஆய்வின் அறிவியல் பெறுமதியில் ஐயமில்லை. கவனிக்க வேண்டியது அதன் அளவுகோலை. பெண் ஒருத்தியின் இரத்தம் கூடியதா என்பதற்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்ட அளவு, மாலை நிறுவையில் அவள் கூடையின் கனம். உற்பத்தித் திறன் கூடுவதன் பொருளாதாரப் பயனை எடுத்துச்சொல்லித்தான் கட்டுரை முடிகிறது. அதே 1979 இல் வெளியான பெல்மொன்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல் ஆகியவற்றோடு நீதியையும் மூன்றாவது கொள்கையாக வைத்தது: ஆய்வின் சுமையைச் சுமப்பவருக்கு அதன் பலனும் சேர வேண்டும். அந்தக் கொள்கையைப் பிடித்துக் கேட்டால் இரண்டு கேள்விகள் எழும். குறைவு இருப்பது தெரிந்தவருக்குப் போலி மாத்திரை தருவது எத்தனை நாளுக்குத் தகும்? கூடுதலாகப் பறித்த கொழுந்தின் இலாபம் எந்தக் கணக்கில் சேர்ந்தது?

அடுத்த பத்தாண்டில் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கத்தொகை வழங்கியது. அது 500 ரூபாய் வரை உயர்ந்தது. தோட்டப் பெண்களிடையே இத்திட்டம் செயற்பட்ட முறையைச் சசிகுமார் பாலசுந்தரம் 2011 இல் எழுதிய கட்டுரை கடுமையாக விமர்சிக்கிறது. அது ஆய்வுத் திட்டமன்று. எனினும் நாட்கூலியில் வாழ்பவருக்கு நீட்டப்படும் தொகை எந்த அளவைத் தாண்டினால் அன்பளிப்பு நெருக்குதலாக மாறும் என்ற கேள்வி, பங்கேற்பாளருக்குப் பணம் தரும் ஒவ்வோர் ஆய்வுக்கும் பொருந்தும்.

6. குழுக்கள் வந்த பின்

ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 1975 ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுத் திட்டங்களைச் சுயாதீனக் குழுவொன்று பரிசீலிக்க வேண்டும் என்றது. இலங்கையில் அத்தகைய முதல் குழு 1981 இல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அமைந்தது. பிற மருத்துவ பீடங்களும் இலங்கை மருத்துவச் சங்கமும் தத்தம் குழுக்களை அமைத்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டு ஆய்வாளர்கள் கரையோரங்களில் குவிந்தபோது, அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005 இல் லான்செட் இதழில் அது பற்றி எச்சரித்தார்கள். துயரத்தில் இருப்பவரை ஆய்வுப் பொருளாக்குவதற்குத் தனி விதிகள் வேண்டும் என்ற விவாதம் இந்நாட்டில் வலுப்பெற்றது அப்போதுதான்.

அந்த விவாதம் மலைக்கும் வந்திருக்க வேண்டும். கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியாபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஆபத்தை முன்பே அறிந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்தது. ஆனால் போய் இரு என்று சொல்லக் காணியும் வீடும் இல்லாத மக்களிடம் எச்சரிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தது. கொக்கிப்புழு காலத்தில் கழிப்பறை வராததும், மீரியாபெத்தவில் மாற்று வீடு வராததும் ஒரே தன்மையன. சரிவுக்குப் பிறகு ஊடகத்தார், அதிகாரிகள், நிறுவனத்தார், ஆய்வாளர் என்று வந்தவர்களிடம் அதே இழப்பை அதே மனிதர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

சட்டமும் மெல்ல வருகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல் போன்றவற்றை விசேட வகையாகக் கொள்கிறது. மருத்துவம் சாராத சமூக ஆய்வுகளில் அறநெறிப் பரிசீலனை இன்னும் எல்லாத் துறைகளிலும் ஒரே சீராக வேரூன்றவில்லை.

7. படிவம் காணாத மூன்று விடயங்கள்

முதலாவது, நேரம். தோட்டத்தில் ஒரு நாட்சம்பளத்துக்குப் பெயர் “பேர்”. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் “அரைப்பேர்”தான் விழும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பின் இந்த நிறையைப் பற்றிய தகராறு பல தோட்டங்களில் கூடியது. மலையில் நிற்கும் பெண்ணை ஒரு மணி நேரம் நிறுத்திக் கேள்வி கேட்டால், அந்த ஒரு மணி நேரம் பேரை அரைப்பேராக்கப் போதும். “பங்கேற்பதால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை” என்று படிவத்தில் அச்சிட்ட வரி அன்று மாலை நிறுவையில் பொய்யாகும். மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்றால், அது அவள் விறகும் தண்ணீரும் சமையலும் பார்க்கும் நேரம்.

இரண்டாவது, இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் கொண்ட லயத்தில் இரகசியம் என்று ஒன்றில்லை. பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்கும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கணவனின் குடியைப் பற்றியோ கங்காணியின் நடத்தையைப் பற்றியோ கேட்பது அவளை ஊருக்கு முன்னால் நிறுத்துவதாகும்.

மூன்றாவது, புனைபெயர். பெயரை மாற்றி, தோட்டத்துக்கும் வேறு பெயர் வைத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று ஆய்வேடுகள் நம்புகின்றன. தோட்டத்தின் ஒரு டிவிஷனில் (பிரிவில்) பிள்ளைக்காம்பரா எனப்படும் பிள்ளைக் காப்பகத்தைப் பார்ப்பவர் ஒருவர்தான். பெண் கங்காணி இருந்தால் அவரும் பெரும்பாலும் ஒருவர்தான். “45 வயதுப் பெண் கங்காணி” என்று எழுதினால் கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியக்கூடாதோ அந்தத் தோட்ட அலுவலகத்துக்கு உடனே தெரியும்.

முடிவுரை

செக்ரோல் காலத்தில் துரையும் கங்காணியும், 1970களின் தேசியமயத்துக்குப் பின் அரச கூட்டுத்தாபனங்களும், 1992 க்குப் பின் பிராந்தியக் கம்பனிகளும், இடையிடையே தொழிற்சங்கத் தலைவர்களும் தொண்டு நிறுவனங்களும் என்று ஊவாத் தோட்டங்களின் வாயிற்காவலர்கள் மாறிவந்தார்கள். 1981 முதல் பல்கலைக்கழகக் குழுக்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. இவர்களில் யாருடைய அனுமதியும் பதில் சொல்பவரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்பதே இவ்வாய்வின் முடிவு.

அனுமதியைச் சம்மதத்திலிருந்து பிரிக்கச் சில நடைமுறைகள் உடனே சாத்தியம். யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்ற பட்டியல் தோட்ட அலுவலகத்துக்கோ தலைவருக்கோ தெரியக்கூடாது. இழக்கும் நேரத்துக்கான கூலியை ஆய்வின் செலவுத் திட்டத்திலேயே எழுத வேண்டும். அது இழப்பை ஈடுசெய்யும் அளவோடு நிற்க வேண்டும். கைநாட்டைக் கட்டாயமாக்காமல், மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் பேச்சுத் தமிழில் வாய்மொழிச் சம்மதம் பெறலாம். கேட்டுவிட்டு யோசிக்க ஒரு நாள் விட வேண்டும். அறநெறிக் குழுக்களில் தோட்டத்தில் வாழும் ஒருவருக்கு, குறிப்பாக ஒரு பெண்ணுக்கு, இடம் வேண்டும். பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இதை முதலில் செய்து காட்டத் தக்க இடத்தில் இருக்கிறது. கண்டறிந்தது வீடு, தண்ணீர், கழிப்பறை, சம்பளம் பற்றியதாக இருந்தால், அதைத் தமிழில் எழுதி மக்களிடமும் பொறுப்பான அதிகாரியிடமும் கொடுத்த பிறகே ஆய்வு முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஊவாத் தோட்டத்துக்கு வினாக்கொத்தோடு போகும் மாணவர் ஒன்றை மனத்தில் கொள்ளட்டும். “முடியாது” என்று ஒருவர் சொன்னால், அதை ஆய்வுக்கு வந்த தடையாக எண்ண வேண்டியதில்லை. அங்கே கேட்ட சம்மதம் உண்மையானது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.